வெள்ளைக்குழி நிறுத்தம்

விருத்தாசலம்
7.8.2005, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் போனில், "அங்க அப்பிடி என்னதான் இருக்குதுன்னு வாராவாரம் போற?" என்று கேட்டீர்கள். மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் பதில் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம்.

நான் சௌக்கியம். அண்ணியும் காவியாவும் எப்படி இருக்கிறார்கள்? உங்கள் ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். காகிதத்தில் அது கொஞ்சம் சிரமம்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பழைய அலமாரியைக் காலி செய்தபோது, 'வெள்ளைக்குழி, 1987' என்று சீட்டு ஒட்டிய புட்டி ஒன்று கிடைத்தது. இருபத்து மூன்று வருடமாகச் செராமிக் கம்பெனிகளுக்குக் களிமண் சோதித்துச் சான்று தருகிறேன். மண்ணை எனக்குப் பொடியாகத்தான் தெரியும். அது வந்த இடத்தை ஒருமுறை பார்க்கலாம் என்று மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். முதல் தடவை போனது அதற்காக. நூறாவது தடவை எதற்காகப் போனேன் என்பதுதான் தெரியவில்லை.

குவாரி மூடிப் பதினாறு வருடம் ஆகிறது. ஒன்பது குழிகள், முப்பதடி ஆழம். மழைத் தண்ணீர் நின்று பால் கலந்த பச்சையாக இருக்கிறது. ஓரமெல்லாம் சம்பும் கோரையும். வேண்டாமென்று கொட்டிய மண் மேடுகளில் யாரும் வைக்காமலே ஈச்சையும் ஆவாரையும் வேலமும் வந்துவிட்டன. மண்வெட்டி செங்குத்தாகச் செதுக்கிய சுவர்களில் பஞ்சுருட்டான் குருவிகள் துளை போட்டுக் குடியிருக்கின்றன. ஒரு சுவரில் எழுபத்திரண்டு துளைகள் எண்ணினேன். மங்கலம்பேட்டை சாலையில் இறங்கி, குழிக்கரை வழியாக ஆறு கிலோமீட்டர் நடந்து, வேப்பூர் சாலையில் பஸ் பிடித்தால் பத்தரைக்கு வீடு.

இப்போது விஷயம். ஜூலை ஒன்றிலிருந்து வெள்ளைக்குழியில் பஸ் நிற்பதில்லை. நிறுத்தத்தை எடுத்துவிட்டார்களாம். நீங்கள் போக்குவரத்துக் கழகத்தில், தடப் பிரிவில் இருக்கிறீர்கள். இதற்கு யாருக்கு எழுத வேண்டும்?

தங்கை,
செல்வநாயகி


வேலூர்
19.8.2005

அன்புள்ள செல்விக்கு, அண்ணன் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்கப் பழமலைநாதரை வேண்டுகிறேன். அவரை நீ நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் தனியாகப் பள்ளத்திலும் புதரிலும் திரிவது சரியில்லை. பாம்பு இருக்கும். ஈர மண் சரியும். குடிக்கிறவர்கள் வந்து உட்காருகிற இடமும் அதுதான். நடக்க வேண்டுமென்று டாக்டர் சொன்னாரா? சொன்னால் கோயில் தேர் வீதி இருக்கிறது, நாலு சுற்று சுற்று. இல்லையென்றால் ஜங்ஷன் பிளாட்பாரம். எவ்வளவு நீளம்!

நிறுத்தம் பற்றி: ஆள் ஏறாத நிறுத்தங்களை எல்லாத் தடத்திலும் எடுத்திருக்கிறார்கள். மேலிடத்து முடிவு. எழுதிப் பயனில்லை.

அன்புக்கரசி உன்னை ஆயுத பூஜைக்கு வரச் சொன்னாள்.

அன்புடன்,
கோகுலகிருஷ்ணன்


விருத்தாசலம்
4.9.2005, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. முழங்கால், சர்க்கரை, தூக்கம் எதிலும் குறையில்லை. அண்ணிக்கு நன்றி சொல்லுங்கள். தேர் வீதியை நான் நாலு வயதிலேயே சுற்றி முடித்துவிட்டேன்.

இன்று நடந்ததைக் கேளுங்கள். "வெள்ளைக்குழி ஒண்ணு" என்றேன். கண்டக்டர் பெயர் மாணிக்கவேல், தெரிந்தவர்தான்.

"அப்பிடி ஒரு ஸ்டாப்பே கெடையாதும்மா."

"ரெண்டு மாசம் முன்னாடி இருந்ததே."

"ரெண்டு மாசம் முன்னாடி எங்க மாமனாருகூடத்தான் இருந்தாரு."

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "மாணிக்கவேலு, ஒங்க மாமனாரு போனதுக்கு டாக்டரு சீட்டு குடுத்தாரு. எங்க ஸ்டாப்பு போனதுக்கு எவன் குடுத்தான், அந்தப் பேரச் சொல்லு."

இப்போது சிரித்தது வேறு ஆட்கள்.

அவள் திரௌபதி. குழியை ஒட்டியிருக்கும் மேலக்குடிகாட்டுக்காரி, முந்தின ராத்திரி டவுனில் தங்கிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள் இருப்பாள். குவாரி நாளில் வெள்ளை மண்ணைத் தலையில் சுமந்தவள். இப்போது அதே குழிக்கரையில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பறித்து, காலை ஏழு பத்து வண்டியில் விருத்தாசலம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறாள். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வது தெரிந்து, 'லேப்பம்மா' என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் எதற்கு அங்கே நடக்கிறேன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எங்களை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கூட்டுரோட்டில் இறக்கிவிட்டார்கள். திரும்பி நடந்தோம். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மட்டும், கையில் தண்ணீர் பாட்டிலோடு. அவளுக்குத் தினமும், வண்டி பிடிக்கப் போகும்போது தலையில் ஈரக்கட்டோடு. அவள் ஊரில் முப்பது பேருக்கு மேல் அப்படித்தான் நடக்கிறார்கள். 'ஆள் ஏறாத நிறுத்தம்' என்று எழுதியிருந்தீர்கள். இவர்கள் யார்?

கோட்ட அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். ஊரில் நாற்பத்தாறு பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டிருக்கிறார்கள். எழுதிப் பயனில்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தங்கை,
செல்வநாயகி


வேலூர்
20.9.2005

அன்புள்ள செல்விக்கு,

நலம். நலம்தானே? காவியா செமஸ்டரில் முதல் வகுப்பு. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள். இங்கே நல்ல மழை. மாடி ஒழுகுகிறது, கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றுகிறான். நீ போன வருடம் கொடுத்த முந்திரிப் பருப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

கோகுலகிருஷ்ணன்


விருத்தாசலம்
9.10.2005, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

காவியாவுக்கு என் பாராட்டு. மாடி ஒழுக்கு நின்றதா? வேறு விசேஷம் இங்கே இருக்கிறது.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. '9.5.2005 முதல் 16.5.2005 வரை எட்டு நாட்கள் நடத்திய கணக்கெடுப்பில் மேற்படி நிறுத்தத்தில் ஏறியவர் எவருமில்லை, இறங்கியவர் எவருமில்லை.' எட்டு நாளும் பூஜ்யம்.

அதைத் திரௌபதிக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் படித்துக் காட்டினேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏன் லேப்பம்மா, அது தீமிதிக்கு காப்பு கட்டியிருந்த நாளாச்சே! எவன் வெளிய போவான்?"

மேலக்குடிகாட்டில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், தீ மிதித்துக் காப்பை அவிழ்க்கும்வரை யாரும் எல்லைக்கல்லைத் தாண்டமாட்டார்கள். வியாபாரம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கு முன்னால் அல்லது பின்னால். பஸ் நிறுத்தம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வருடத்தில் அந்தப் பத்து நாள் மட்டும்தான் அங்கே ஈ காக்கை இருக்காது. அந்தப் பத்திலிருந்து எட்டைப் பொறுக்கி எடுத்து எண்ணியிருக்கிறார்கள்.

நானாவது அந்த ஞாயிறு இறங்கியிருப்பேன். ஆனால் அந்த வாரம் நான் வேலூரில் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்களும் ஊரில் இல்லை, டூட்டி என்று வெளியே போயிருந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

எண்ணியவர் இந்தப் பக்கத்து ஆளாக இருக்க முடியாது என்று திரௌபதி சொல்கிறாள். நம் பக்கத்தில் பிறந்தவனுக்குக் காப்பு தெரியாமல் இருக்காதாம். அந்தக் கணக்கெடுப்பை நடத்தியது யார் என்று உங்கள் பிரிவில் விசாரித்துச் சொல்லுங்கள்.

தங்கை,
செல்வநாயகி


விருத்தாசலம்
20.11.2005, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணியிடம் போனில் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறார் என்றார்கள். எனவே தபால்காரரையும் மழையையும் குற்றம் சொல்வதாக இல்லை.

இங்கே மணிமுத்தாறு கரை தொட்டு ஓடுகிறது. குழிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஏரியாகிவிட்டன. மேட்டு வழியாகத்தான் போக முடிந்தது, மூன்று இடத்தில் உட்கார்ந்தபடி சறுக்கினேன். புடவை வெள்ளையாகிவிட்டது. வேப்பூர் சாலையில் கண்டக்டர் என்னை ஏற்றிக்கொள்ளவே யோசித்தார்.

திரௌபதி போன புதன்கிழமை கூட்டுரோட்டுக்கு நடக்கும்போது லாரிக்கு ஒதுங்கிச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தாள். கணுக்கால் எலும்பில் விரிசல். கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம். படுத்துக்கொண்டே பேசுகிறாள்: "எந்தக் கையி எங்க ஸ்டாப்ப அடிச்சி எழுதிச்சோ, அந்தக் கையில சோறு எறங்காமப் போவ." தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

தகவல் உரிமைச் சட்டம் போன மாதம் அமலுக்கு வந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கணக்கெடுப்புத் தாள்களின் நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். முப்பது நாளில் தந்தாக வேண்டும்.

தங்கை,
செல்வநாயகி


வேலூர்
2.12.2005

அன்புள்ள செல்விக்கு,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறார் டாக்டர்.

அந்தத் தகவல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். 'தேவையில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். புதுச் சட்டம், எங்கள் ஆபீசில் இதுதான் இரண்டாவது மனு. எல்லோரும் பயந்து கிடக்கிறார்கள். யார் வேலையாவது போகும். ஒரு நிறுத்தத்துக்காக இவ்வளவு கிளற வேண்டுமா?

அந்த அம்மாளின் கால் பற்றி அறிந்து வருந்தினேன். உனக்கு அப்படி ஆகியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தாயா?

யோசித்துச் செய். நீ படித்தவள்.

கோகுலகிருஷ்ணன்


விருத்தாசலம்
25.12.2005, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள். நான் சுகம்.

மனுவைத் திரும்பப் பெறவில்லை. நகல் வியாழக்கிழமை வந்தது. ஒன்பது தாள்கள். எட்டில் தினசரிக் கணக்கு, ஒன்பதாவதில் பரிந்துரை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியை எட்டு முறை நிறுத்தால்கூட எட்டும் ஒன்றாக வராது. வந்தால் நான் மண்ணை விட்டுவிட்டுத் தராசைத்தான் சந்தேகப்படுவேன். கீழே கையெழுத்துப் போட்டவருக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்கில் முப்பத்திரண்டு வாங்கியபோது, அப்பாவுக்குத் தெரியாமல் என் ரேங்க் கார்டில் அப்பா பெயரில் போடப்பட்டது. 'ன்' மேல் புள்ளி வைக்காமல் ஒரு வளையம் போடும்.

திரௌபதி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. "யாருன்னு போட்டுருக்குது?" என்றாள். "எழுத்து புரியல" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு சோதனை முடிவைக்கூட மாற்றிச் சொன்னதில்லை நான்.

வேறு எதுவும் கேட்கப் போவதில்லை. பதிலை எதிர்பார்க்கிறேன்.

செல்வநாயகி


வேலூர்
12.1.2006

அன்புள்ள செல்விக்கு,

பொங்கல் வாழ்த்து. அன்புக்கரசி தனியாக அட்டை அனுப்பியிருக்கிறாள். இதை அவள் பார்க்கவில்லை.

அந்தத் தடத்தில் பன்னிரண்டு நிறுத்தம் எடுக்கச் சொன்னார்கள். பதினொன்றுதான் தேறியது. மே மாதம் நானே ஜீப்பில் போனேன். பையன்கள் எண்ணினார்கள், நான் மூன்று நாள் கூட இருந்தேன். மேலக்குடிகாட்டுப் பாதையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே கூத்துக்கு மத்தளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அம்மா காப்புக் கட்டிய வருடங்களில் நம்மை வாய்க்காலைத் தாண்ட விட்டதில்லை. எனக்குத் தெரியாதா, செல்வி? தெரியும். தெரிந்துதான் போட்டேன். பன்னிரண்டாவது கிடைத்துவிட்டது, ஊருக்குப் போகலாம் என்று இருந்தது.

நீ அங்கே இறங்குவது அப்போது எனக்குத் தெரியாது.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போது நானே 'என் கணக்கெடுப்பு தவறு' என்று குறிப்பு எழுதினால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியாது. நடப்பதற்கு உனக்கு வேறு இடமே இல்லையா?

அண்ணன்


விருத்தாசலம்
22.1.2006, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் அட்டை வந்தது, அழகாக இருந்தது. பொங்கலன்று தனியாகத்தான் பொங்கினேன், கொஞ்சம் அடிப்பிடித்தது, சாப்பிட்டேன்.

நான் நடப்பதைப் பற்றி முதல் கடிதத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் நடப்பது என் பிடிவாதம். திரௌபதி நடப்பது உங்கள் கையெழுத்து. இரண்டையும் கலக்காதீர்கள்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்கிறீர்கள். உண்மைதான், தெரியாது. பன்னிரண்டாவது நிறுத்தம் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது தெரியும், கணுக்கால்வரை.

மேல்முறையீட்டை எழுதி உறையில் போட்டுவிட்டேன். அதில் காப்புக் கட்டிய தேதி இருக்கிறது, கோயில் பூசாரி கொளஞ்சியப்பனின் எழுத்துமூலமான சாட்சியம் இருக்கிறது, உங்கள் பெயர் இருக்கிறது. மார்ச் பதினைந்துவரை தபாலில் போடமாட்டேன். அதற்குள் நீங்களே குறிப்பு எழுதி மறு கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்தால் உறையைக் கிழித்துவிடுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரையை விடாதீர்கள்.

தங்கை,
செல்வநாயகி


வேலூர்
15.3.2006

அன்புள்ள செல்விக்கு,

இங்கு நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலைப் பளு குறைந்திருக்கிறது, ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அன்புக்கரசிக்கு ஆச்சரியம்.

குறிப்பு எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். 27ஆம் தேதி திங்கட்கிழமை, ஒரே நாள், காலை முதல் நடை போக வர மட்டும் எண்ணுவார்கள். சுப்புராயன் என்ற செக்கிங் இன்ஸ்பெக்டர் வருவார். இருபது பேருக்குக் குறைந்தால் இனி யார் எழுதினாலும் நடக்காது. அன்றைக்கு மட்டும் கை காட்டினால் வண்டி நிற்க வேண்டும் என்று டிப்போவுக்குச் சொல்லியிருப்பதாகக் கேள்வி.

இனி ஆபீஸ் முகவரிக்கு எதுவும் போடாதே. வீட்டுக்கே போடு.

அண்ணன்


விருத்தாசலம்
26.3.2006, ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

உறையைக் கிழித்துவிட்டேன். நன்றி என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். நான் நலம், நீங்கள் சீக்கிரம் வீடு திரும்புவதில் மகிழ்ச்சி.

இன்று மேலக்குடிகாட்டில் கூட்டம் போட்டார்கள். நாற்பது பேர் வருவோம் என்கிறார்கள். பாதியை நம்புகிறேன். நாளை முதல் நாற்று நடவுக்குக் கூலி ஆள் வேறு கூப்பிட்டிருக்கிறார்கள், பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டும் இருக்கிறது. திரௌபதி கால் ஊன்றி நடக்கிறாள், சாய்த்துச் சாய்த்து. வரமுடியுமா என்று கேட்டேன். "நான் போவாம அந்த பஸ்ஸு போயிடுமா?" என்றாள்.

நான் லீவு போட்டிருக்கிறேன். ஆறு இருபது வண்டியில் போய் வெள்ளைக்குழியில் இறங்குவேன். இறங்கியவர் என்ற பத்தியில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர்கள் திரும்பும் வண்டியில் ஏறியதும் நான் என் பாட்டுக்கு நடக்கப் போவேன். இதை நாளை முடித்துத் தபாலில் சேர்க்கிறேன்.

27.3.2006, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு இருபது வண்டியில் டிரைவருக்குப் பின் சீட்டில் சுப்புராயன் அட்டையில் தாள் சொருகி உட்கார்ந்திருந்தார். "வெள்ளைக்குழி ஒண்ணு" என்றேன். மாணிக்கவேல் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டுரோட்டுக்குச் சீட்டுக் கிழித்தார். இடம் வந்தபோது வண்டி வேகம் குறையவில்லை. டிப்போவில் சொன்னது டிரைவருக்குப் போய்ச் சேரவில்லை. படியில் நின்று, "நிறுத்துங்க" என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. நூறடி தாண்டி நின்றது. சுப்புராயன் ஒன்று என்று எழுதினார்.

வண்டி மங்கலம்பேட்டை போய் ஏழு பத்துக்குத் திரும்பியது. நாற்பது பேர் இல்லை. இருபத்தாறு பேர், கீரைக்கட்டு, பால் கேன், பள்ளிக்கூடப் பை. கை காட்டினார்கள், நின்றது, ஏறினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மாணிக்கவேல் கூட்டுரோட்டில் ஏறியதாகக் கணக்கு வைத்து எல்லோருக்கும் சீட்டுக் கிழிக்கப் போனார். அவருடைய டிரிப் ஷீட்டில் வெள்ளைக்குழிக்கு வரியே இல்லை. அச்சடிக்கும்போதே எடுத்துவிட்டார்கள். கூட்டுரோட்டு வரியில் எழுதினால் இருபத்தாறு பேரும் கூட்டுரோட்டில் ஏறியவர்கள் ஆகிவிடுவார்கள். நான் கீழே நின்று ஜன்னல் வழியாக அதைச் சொன்னேன். ஒருத்தரும் சீட்டு வாங்கவில்லை. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார்.

மங்கலம்பேட்டையில் ஏறிய ஒருவர் கத்தினார்: "எனக்கு ரயிலு போயிடும்மா!"

"ஒனக்கு ரயிலு போவுது, எங்களுக்கு பஸ்ஸே போயிட்டுது. ஒக்காரு" என்றாள் திரௌபதி.

கால்மணி நேரம். சுப்புராயன் எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "எனக்குச் சொன்னது ஏறினவங்கள எண்ணத்தான். வரி போட எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். "எனக்கும் இல்ல சார்" என்றார் மாணிக்கவேல். பிறகு என்ன நினைத்தாரோ, காதிலிருந்த பேனாவை எடுத்து, இரண்டு அச்சு வரிகளுக்கு நடுவில் சீட்டுக்கட்டை வைத்துக் கோடு ஒன்று இழுத்தார். வெள்ளைக்குழி என்று எழுதினார். "பேரு சரியாத்தான போட்டுருக்கறன்? அப்பறம் அதுக்கும் மனு போடாதீங்க." இருபத்தாறு சீட்டும் கிழித்தார். சுப்புராயன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் சுப்புராயன் ஜன்னல் பக்கம் குனிந்து என்னிடம் கேட்டார்: "நீங்க கோகுலகிருஷ்ணன் சாருக்கு வேண்டியவங்களாம்மா? ஜாடை இருக்குது. மொதல்ல கையெழுத்து போட்டவரும் அவருதான், அப்பறம் தப்புன்னு எழுதிக் குடுத்தவரும் அவருதான். எழுதின மறுவாரமே ஸ்டோர்சுக்கு மாத்திட்டாங்க. டயரு எண்ணிக்கிட்டு இருக்காரு பாவம். மெமோவும் குடுத்துருக்காங்க."

இதை நீங்கள் எழுதவில்லை. வேலைப் பளு குறைந்திருக்கிறது என்று எழுதினீர்கள்.

அடுத்த ஜன்னலில் திரௌபதி இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "யாரு?" என்றாள்.

"என் அண்ணன்" என்றேன்.

திரௌபதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எழுத்து புரியலன்னு சொன்ன."

"புரிஞ்சுது."

"ஆளு ஒங்க வூட்டுல இருக்குது. நாங்க மூணு மாசமா ஊரெல்லாம் வச்சித் திட்டிக்கிட்டுக் கெடக்கறம். ஒன் மூஞ்சிக்கு நேராவே திட்டுனன். நீ தலைய ஆட்டிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்த."

"ஆமா."

"நல்லா இருக்குது ஒன் நாயம்" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாணிக்கவேல் விசில் கொடுக்கப் போனார். நான் ஏறிவிட்டேன். அப்படிச் செய்ய எண்ணியிருக்கவில்லை. சீட்டு வாங்கினேன், புது வரியில் இருபத்தேழு ஆயிற்று. திரௌபதி பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். ரயில் பிடிக்க வேண்டியவர் வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். அவருக்குக்கூட அவள் பதில் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இரண்டு கட்டு கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு மற்றதைக் குனிந்து எடுக்கப் பார்த்தாள், கால் இடம் கொடுக்கவில்லை. நான் எடுத்துக் கையில் அணைத்துப் பிடித்தேன்.

"கொழந்தையா அது? தலையில வையி."

வைத்தேன். பிடிக்கத் தெரியவில்லை. அவளே ஒரு கையால் அதை நேராக்கிவிட்டு முன்னால் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஜங்ஷன் ரோட்டிலிருந்து மார்க்கெட் வரை பின்னால் போனேன். கீரைக்கட்டின் தண்ணீர் கழுத்தில் வடிந்து ரவிக்கை நனைந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் டீக்கடையில் நின்றிருந்தார்கள். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் நிற்கவில்லை.

செல்வநாயகி